சுட்ட மச்சத்துக்குச் சாட்சி இல்லை

தோல் நோய்ப் பிரிவில் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள், மச்சம்போல் தோன்றும் மெலனோமா என்ற தோல் புற்றுநோயைக் காட்டும் சமச்சீரற்ற வடிவம், ஒழுங்கற்ற விளிம்பு, பல நிறங்கள், 6 மி.மீ.க்கு மேற்பட்ட அகலம், நாளடைவில் மாற்றம் என்னும் ஐந்து அடையாளங்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். ஆயினும், தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த பிழைகளையே அவர்களும் செய்வதைப் பார்த்துவருவதால், பாடநூலில் உள்ளவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை எழுதுகிறேன்.

செருப்பைக் கழற்றச் சொல்லாதது

அந்த ஐந்து அடையாளங்களும் பெரும்பாலும் வெள்ளைத் தோலைப் பார்த்து வகுக்கப்பட்டவை. நம்மைப் போன்ற கருந்தோலரிடம் மெலனோமா உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலுமே அதிகம் தோன்றுகிறது. நோயாளியோ முகத்து மச்சத்தைத்தான் காட்டுவார்.

ஆய்வுக்கு அனுப்பாமல் சுடுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஐம்பது வயதைத் தாண்டிய விவசாயப் பெண் ஒருவர், உள்ளங்காலில் இருந்த கறுத்த தடிப்பைக் கால் ஆணி என்று நினைத்து, ஓராண்டாகப் பிளாஸ்திரி ஒட்டிச் சமாளித்துவிட்டு என்னிடம் வந்தார். ஆணியில் இரத்தம் கட்டியிருக்கிறது என்று நானாகவே முடிவுசெய்து, மின்கருவியால் சுட்டெடுத்து, சுரண்டிய துணுக்கைக் குப்பைக் கூடையில் போட்டேன். எட்டு மாதங்கள் கழித்துத் தொடையிடுக்கில் நெறி கட்டி அவர் திரும்பிவந்தபோது, அந்த நெறியில் எடுத்த திசுதான் மெலனோமா என்று காட்டியது. முதற்கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது என்று புற்றுநோய் மருத்துவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

1970இல் நோய்க்குறியியல் மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ முன்வைத்த அந்தத் தடிமன் அளவைக் கொண்டுதான், சுற்றியுள்ள நல்ல தோலில் எவ்வளவு வெட்ட வேண்டும் (1 மி.மீ. வரை என்றால் 1 செ.மீ., 2 மி.மீ.க்கு மேல் என்றால் 2 செ.மீ.), நெறிகளைச் சோதிக்க வேண்டுமா என்பவை முடிவாகின்றன. சுட்டால் அந்த அளவு எரிந்துபோகிறது. மேலாகச் சீவினால் அடிப்பகுதி கிடைக்காமற்போகலாம். எனவே ஐயத்துக்குரிய புள்ளியைச் சுற்றி ஏறத்தாழ 2 மி.மீ. விட்டு, கொழுப்பு அடுக்கு வரை முழுமையாக வெட்டி, ஃபார்மலினில் இட்டு அனுப்ப வேண்டும். பெரிதாக இருந்தால், மிகவும் கறுத்துத் தடித்த இடத்தில் பஞ்ச் பயாப்சி (வட்டக் கத்தியால் எடுக்கும் சிறு திசுத்துண்டு) எடுக்கலாம். திருமணத்துக்கு முன் லேசரில் மச்சத்தை அகற்றச் சொல்லி வருபவர்களைக் காணும்போது, மச்சம் அதிர்ஷ்டம் என்று அதைத் தொடவிடாத பாட்டிகளே மேல் என்று தோன்றுகிறது.

நகக் கருமையை அடிபட்ட தடம் என்பது

அடிபட்டுக் கட்டிய இரத்தம் நகத்தோடு வளர்ந்து நுனியை நோக்கி நகரும். ஒரே நகத்தில் நகராமல் அகலும் கருங்கோடும், நகக்கண்ணின் தோலுக்குப் பரவும் கருமையும் மெலனோமாவாக இருக்கலாம். ஜமைக்கப் பாடகர் பாப் மார்லியின் கால் விரலில் 1977இல் கண்டறியப்பட்ட மெலனோமாவும் முதலில் கால்பந்துக் காயமாகவே எண்ணப்பட்டது. 1981இல் அவர் இறந்தபோது வயது 36.

பழைய தீக்காயத் தழும்பில் ஆறாத புண்

அது தோல் புற்றாக மாறியிருக்கலாம்; களிம்பு தடவிக் காத்திருக்காமல் பயாப்சி எடுக்கவும்.

எல்லாருக்கும் சன்ஸ்கிரீன் எழுதித் தருவது

உள்ளங்கால் மெலனோமாவுக்கு வெயில் முக்கியக் காரணமன்று என்பதால், அதைத் தடுக்க இந்தக் களிம்பு உதவாது; அங்கே மாதம் ஒருமுறை முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துப் பார்ப்பதே பயன் தரும். மாறாக, பிறவியிலேயே நிறமி குறைந்த வெண்தோல் குழந்தைகளுக்குச் சன்ஸ்கிரீனும் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம் தேவை. அவர்களுக்கோ மூக்குக்கண்ணாடிக்கு மட்டும் சீட்டெழுதி அனுப்பிவிடுகிறோம்.