சிங்கப்பூரில் நண்டு ஆர்டர் சொல்வதற்கு முன்

ஊரிலிருந்து வருகிறவர்களைச் சாப்பிடக் கூட்டிப்போவது பதினொரு வருடமாக என் வேலை. போன வாரம் மச்சினன் ஒரு கடையின் மெனுவைப் பார்த்துவிட்டு, "மாமா, நண்டு ஒன்பது வெள்ளிதானாம், ரெண்டு சொல்லிடுவோம்" என்றான். வெள்ளி என்றால் இங்கே சிங்கப்பூர் டாலர். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே வார்த்தையை நானும் ஒரு நாள் சொன்னவன். காரம், குச்சி பிடிப்பது எல்லாம் தானே பழகிவிடும், அவற்றை விடுங்கள்.

விலைக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்து

அந்த ஒன்பது வெள்ளி நூறு கிராமுக்கு.

முதல் சம்பளத்தில் அறைத்தோழர்கள் இருவரை சில்லி கிராப், அதாவது காரக் குழம்பு நண்டு, சாப்பிடக் கூட்டிப்போனேன். கூடையில் உயிர் நண்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஏதோ மரியாதைக்குக் காட்டுகிறார்கள் என்று நினைத்துத் தலையாட்டினேன். எடை கேட்க வேண்டிய நேரமே அதுதான். 1.2 கிலோ. ஓடும் சேர்த்துத்தான் நிறுப்பார்கள். 108 வெள்ளி! குழம்பில் தோய்த்துத் தின்னும் மாந்தோ ரொட்டிக்குத் தனிக் காசு. நாங்கள் கேட்காமலே மேசைக்கு வந்த வேர்க்கடலைக்கும் ஈரத் தாளுக்கும் காசு. இந்தக் கடலை விஷயம் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள், பில்லிலும் வந்திருக்காது.

உணவகத்து மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதற்கும் மேல் ஜிஎஸ்டி. 2024 முதல் அது 9 சதவீதம். 100 வெள்ளிச் சாப்பாடு 119.90 ஆகிவிடும்.

சில இடங்களில் எண்ணே இருக்காது, 'சீசனல் பிரைஸ்' என்று மட்டும் போட்டிருப்பார்கள். 2009இல் நியூட்டன் உணவங்காடி நிலையத்தில் அமெரிக்கப் பயணிகளிடம் எட்டு இறாலுக்கு 239 வெள்ளி வாங்கிய ஒரு கடையை மூன்று மாதம் மூடவைத்தார்கள். எனக்கோ புகார் சொல்லவும் வழியில்லை. பொடி எழுத்தில் எல்லாம் ஒழுங்காக அச்சாகியிருந்தது.

தலையாட்டுவதற்கு முன் "எடை எவ்வளவு, மொத்தம் எவ்வளவு" என்று கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கீரைதானே என்று சம்பல் காங்கோங்

கீரைதான். ஆனால் வதக்குவது பெலாச்சானில், அதாவது புளிக்கவைத்த இறால் விழுதில். சைவக்காரர்கள் லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பின் தேங்காய்ப்பாலையும் நம்ப வேண்டாம். அதில் காய்ந்த இறால் அரைத்திருக்கும்.

"ஒரு கோப்பி"

சும்மா கோப்பி என்றால் கண்டென்ஸ்டு பாலும் சர்க்கரையும் சேர்ந்தே வரும். பால் வேண்டாம் என்றால் 'கோப்பி ஓ'. சர்க்கரையும் வேண்டாம் என்றால் கூடவே 'கோசோங்'.

டிஷ்யூ பாக்கெட் கிடக்கும் மேசை

அங்கே ஆள் இருக்கிறது.

தட்டை விட்டுவிட்டு எழுந்து போவது

உணவங்காடிகளில் 2021 செப்டம்பர் முதல் இது குற்றம். முதல் முறை எழுத்தில் எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி.

மச்சினன் அன்று தட்டைத் தானே கொண்டுபோய் வைத்தான். பக்கத்துக் கடை சிக்கன் ரைஸ், ஐந்து வெள்ளி.