ஒளிக்கசிவு எங்கே விழும்? பழைய கேமராவின் குறையோடு படமெடுக்கும் முறை

பழைய பெட்டிக் கேமராவோ பிளாஸ்டிக் கேமராவோ கைக்கு வந்தால், முதல் ரோலில் அழகான காட்சியைத் தேடாதீர்கள். அந்த ரோல் கேமராவை அறிந்துகொள்வதற்கு மட்டும். எந்தக் குறை படத்தின் எந்த மூலையில் விழுகிறது என்று தெரிந்த பிறகுதான், அதற்குப் பொருந்தும் காட்சிகள் கண்ணில் படத் தொடங்கும்.

120 என்ற அகலமான ஃபிலிம் ரோலில் 6×6 செ.மீ. அளவில் 12 படங்கள் கிடைக்கும். செங்கல் சுவரை நேராக நின்று இரண்டு எடுங்கள். கூர்மை எங்கே குறைகிறது, கோடுகள் எங்கே வளைகின்றன என்பது அதில் தெரியும். 1, 2, 3 மீட்டர் தூரத்தில் ஒருவரை நிறுத்தி மூன்று. சூரியனைப் படச்சட்டத்தின் ஓரத்தில் வைத்து இரண்டு. பிறகு ஷட்டரை அழுத்தாமல் ஒரு படத்துக்கான ஃபிலிமை நகர்த்தி, லென்ஸை மூடி, கேமராவை எல்லாப் பக்கமும் திருப்பி ஐந்து நிமிடம் வெயிலில் காட்டுங்கள். கழுவிய ஃபிலிமில் அந்தக் கட்டத்தில் இருப்பதெல்லாம் கசிவு, அதாவது கேமராவின் விரிசல் வழியே உள்ளே புகுந்த ஒளி. ஒவ்வொரு படத்தையும் எண்ணிட்டுக் குறித்துக்கொள்ளாவிட்டால் இந்தச் சோதனையே வீண்.

கசிவைப் படிக்கும்போது பலரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். லென்ஸ் காட்சியைத் தலைகீழாக, இடவலம் மாற்றி ஃபிலிமில் விழச்செய்கிறது. ஆகவே கேமராவின் அடிப்பக்க விரிசல் படத்தின் மேற்புறத்தில் தெரியும். பின்னாலிருந்து பார்க்கையில் இடப்புறம் இருக்கும் விரிசல், படத்தின் வலப்புறம். வண்ண ஃபிலிமில் கசிவு செம்மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் ஒளி ஃபிலிமின் பின்புறத்திலிருந்து வருகிறது. சிவப்பை உணரும் அடுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. இது தெரிந்தால் தேவையற்ற விரிசல்களை மட்டும் கறுப்புத் துணி டேப்பால் ஒட்டி, பிடித்த ஒன்றைத் திறந்து விடலாம். மேற்புறக் கசிவு வெறும் வானத்துக்கு உயிர் தரும். அதுவே முகத்தின் மேல் விழுந்தால் படம் கெட்டது.

சில குறைகளைச் சரிசெய்தே ஆகவேண்டும். ஃபிலிம் தளர்வாகச் சுற்றிக்கொண்டால் வெளியே எடுக்கும்போது ஓரமெல்லாம் வெளிச்சம் பட்டுவிடும். ஃபிலிம் அட்டைப்பெட்டியில் ஒரு துண்டைக் கிழித்து மடித்து, புதுச் சுருளின் அடியில் செருகுங்கள். அந்த உராய்வில் சுற்று இறுகும். லென்ஸுக்கும் உடலுக்கும் இடையே மடிப்புத் துருத்தி உள்ள கேமரா என்றால், இருட்டறையில் உள்ளே டார்ச் அடித்து ஊசித் துளைகளைத் தேடுங்கள். துளைகள் தரும் மங்கலில் அழகு ஏதும் இல்லை.

பெரும்பாலான பெட்டிக் கேமராக்களில் ஷட்டர் ஒரே வேகம்தான். 1/50 விநாடி, எஃப் 11 (லென்ஸ் துளையின் அளவு) என்று கொள்வோம். ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளியுணர்வு) 100 ஃபிலிமுக்கு நல்ல வெயிலில் இரண்டு ஸ்டாப் அதிகம்; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு. மேகமூட்டத்தில் சரியான அளவு. வண்ண நெகட்டிவ் அந்த இரண்டு ஸ்டாப்பைத் தாங்கிக்கொள்ளும். ஸ்லைடு ஃபிலிம் தாங்காது, வேண்டவே வேண்டாம். அடர்ந்த நிழலுக்கு ஐஎஸ்ஓ 400.

ஒற்றைக் கண்ணாடி லென்ஸ் நடுவில்தான் கூர்மையாக இருக்கும். முக்கியமானதை நடுவில் வைத்து, ஓரங்களில் இலை, புல், நீர் போன்றவற்றை விடுங்கள். மங்கல் அங்கே இயல்பாகக் கரையும். கட்டடத்தின் நேர்கோட்டை ஓரத்தில் வைத்தால் வளைவு உறுத்தும். வியூஃபைண்டர் (கண் வைத்துக் காட்சியைப் பார்க்கும் துளை) லென்ஸுக்கு மேலே இருப்பதால், 1 மீட்டரில் முகம் எடுக்கும்போது தலை வெட்டுப்படும். கேமராவைச் சற்று மேலே தூக்கிக்கொள்ளுங்கள்.

ஃபிலிமை நகர்த்தாமலே ஷட்டர் மறுபடி விழும் கேமரா கிடைத்தால் அது வரம். முதலில் பிரகாசமான வானத்துக்கு எதிரே ஒருவரை நிழலுருவாக எடுங்கள். வானம் ஃபிலிமை நிரப்பிவிடும், உருவம் இருந்த இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். அடுத்து அதே கட்டத்தில் மரப்பட்டையோ பூக்கொத்தோ சட்டம் நிறைய எடுத்தால், அது அந்த உருவத்துக்குள் மட்டும் பதியும். நிழலுருவில் முகத்துக்கு வெளிச்சம் பட்டிருந்தால் இரண்டும் கலங்கிவிடும்.