புயலுக்குப் பிறகு உதவப் போகிறவர்கள் செய்யக் கூடாதவை

எங்கள் ஊர் இளைஞர்கள் பேரிடர் ஒத்திகைக்காக நோட்டுடன் வீடு வீடாகப் போவதைப் பார்த்தேன். 2017 நவம்பர் 30 அன்று குமரி மாவட்டத்தில் ஒக்கி புயல் அடித்தபோது நான் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்கிறார்கள். பழைய துணியை மூட்டை கட்டாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

பெயரும் ஊரும் மட்டும் எழுதுவது

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் தொழிலாளிகள் பலர் கொச்சியிலிருந்தே போட் ஏறுவார்கள். வாரக்கணக்கில் கடலிலேயே தங்கல். எச்சரிக்கை வந்தபோது கரையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தார்கள். ஒரே ஊரில் ஒரே புனிதரின் பெயர் ஐந்தாறு பேருக்கு இருக்கும். நான் அதை யோசிக்காமல், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பெயர், ஊர் என்று வரிசையாக எழுதினேன்.

லட்சத்தீவில் ஒரு போட் கரை சேர்ந்ததாக போனில் சில பெயர்கள் சொன்னார்கள். நோட்டைப் பார்த்தேன், ஒரு வீட்டுக்கு ஓடினேன். மூன்று நாளாக அடுப்பு பற்றவைக்காத வீடு. "ஆள் இருக்காரு அக்கா" என்றதும் அந்த அக்கா எழுந்துபோய் கஞ்சிக்கு உலை வைத்தார். மறுநாள் தெரிந்தது, வந்து சேர்ந்தவர் அதே பெயருள்ள மேலத்தெருக்காரர். அதைச் சொல்லவும் நான்தான் போக வேண்டியிருந்தது. ஆறாத விஷயம் அது. இன்றும் வெறும் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

போட்டின் பெயர், பதிவு எண், புறப்பட்ட துறைமுகம், தேதி, கூடப் போனவர்கள், உரிமையாளரின் போன் நம்பர், அப்புறம் வீட்டுப் பட்டப்பெயர், மனைவி பெயர் எல்லாம் வேண்டும். தகவல் யார் சொன்னது, எத்தனை மணிக்கு என்பதும் வேண்டும். கரை சேர்ந்தவரின் குரலையோ போட்டோவையோ உறுதிசெய்யாமல் வீட்டில் வாய் திறக்காதீர்கள். வடமாநிலத் தொழிலாளி அந்தப் போட்டில் இருந்தால் அவரைக் கேட்டு வர இங்கே ஆள் இல்லை; அவர் பெயரை முதலில் எழுதுங்கள். உடல் கிடைக்காதவர் இறந்ததாகச் சட்டம் கருத பொதுவாக 7 ஆண்டுகள் ஆகும். அதற்கு முன்னால் உதவி கேட்டு அலையும் குடும்பத்தின் கையில் இந்த விவரம்தான் சான்று.

அறுந்த மின்கம்பி

கரண்ட் இல்லை என்று நம்பித் தொடாதீர்கள்.

விழுந்த வாழையை உடனே வெட்டி ஒதுக்குவது

கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) வந்து சேதத்தைப் பார்ப்பதற்கு முன் தோட்டத்தைச் சுத்தம் செய்து கொடுப்பது உதவி இல்லை. முதலில் போட்டோ எடுங்கள், எத்தனை வாழை விழுந்தது என்று எண்ணுங்கள். இங்கே பாதி வாழை பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்த நிலத்தில் நிற்கிறது: பட்டா ஒருவர் பெயரில், கடன் வாங்கி நட்டவர் இன்னொருவர். நிவாரணம் கேட்கும்போது காட்ட, நட்டவர் இவர்தான் என்று நிலக்காரரிடம் அன்றே எழுதி வாங்கிவிடுங்கள்.