செக்யூரிட்டி ஊழியர்கள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு ரவுண்ட்ஸ் ரிஜிஸ்டரை ஒருமுறை நிதானமாகப் புரட்டிப் பாருங்கள். பன்னிரண்டு மணி, இரண்டு மணி, நாலு மணி என மூன்று வரியும் ஒரே சாய்வில், ஒரே மையில் "எல்லாம் சரி" என்று இருந்தால், பெரும்பாலும் மூன்றையும் ஒரே மூச்சில் எழுதியிருப்பார்கள். உடனே அந்தக் காவலாளியைக் கூப்பிட்டுத் திட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. அவர் எத்தனை மணி நேரமாக டூட்டியில் இருந்தார் என்று முதலில் கேளுங்கள்.

ரிலீவர் வராத நாளில் பகல் ஷிப்ட் பார்த்தவரையே இரவுக்கும் நிறுத்திவிடுகிறோம். கூடுதல் காசு வருகிறது என்று அவரும் சம்மதிக்கிறார். டாசன், ரீட் என்ற ஆய்வாளர்கள் 1997-ல் ஒன்றைக் காட்டினார்கள்: 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. டபுள் டூட்டியைச் சலுகையாக நினைக்காதீர்கள்.

"சும்மா உட்கார்ந்திருக்கும் வேலைதானே" என்ற எண்ணமும் தவறு. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரை பார்த்தவர்கள் ஏன் குறிகளைத் தவறவிடுகிறார்கள் என்று ஆராய்ந்த மேக்வொர்த், முதல் அரை மணி நேரத்திலேயே கவனம் சரியத் தொடங்குவதைக் கண்டார். சிசிடிவி திரை முன்னால் ஒருவரை எட்டு மணி நேரம் உட்கார வைத்தாலும் இதே கதைதான். பாயிண்ட்டை, அதாவது காவல் பார்க்கும் இடத்தை, மாற்றிக் கொடுங்கள். தூங்கிவிடுவார் என்று நாற்காலியைப் பிடுங்கினால் தூக்கம் போகாது, கால் வலிதான் சேரும்.

வெகுமதிக்கு வருவோம். அதிகம் கெட்டுப்போவது இங்கேதான். "இந்த மாதம் ஒரு சம்பவமும் இல்லை என்றால் போனஸ்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்பக்க வேலி அறுந்து கிடப்பதைப் பார்க்கும் காவலாளி அதை எழுதினால், தன் போனஸோடு கூட இருப்பவர்களின் போனஸும் போய்விடும். அப்புறம் யார் எழுதுவார்கள்? திருடனைப் பிடித்தவருக்கு மட்டும் பரிசு என்பதிலும் இப்படி ஒரு குறை உண்டு: ஒவ்வொரு இரவும் எல்லாப் பூட்டையும் இழுத்துப் பார்த்து, திருட்டே நடக்காமல் காத்தவர் யார் கண்ணிலும் படுவதில்லை. வேலி அறுந்ததை எழுதியவருக்கு, பூட்டு சரியில்லை என்று சொன்னவருக்குக் கொடுங்கள்.

சம்பளத்தைத் தாமதமாகப் போட்டுவிட்டு விழா மேடையில் சான்றிதழ் கொடுப்பதும் பயன் தராது. உழைப்புக்கும் அதற்குக் கிடைப்பதற்கும் உள்ள இடைவெளியே மன அழுத்தமாகிறது என்றார் சீக்ரிஸ்ட் என்ற சமூகவியலாளர் (1996). கிடைப்பது என்று அவர் சொன்னது பணம் மட்டுமில்லை. மரியாதையும் வேலை நிலைக்கும் என்ற நம்பிக்கையும் அதில் சேர்த்தி.

அந்த மரியாதை உடைவதை கேட்டில் நின்றாலே பார்க்கலாம். விதிப்படி அடையாள அட்டை கேட்டு மேலதிகாரியின் காரை நிறுத்துகிறார் காவலாளி. "நான் யார் தெரியுமா?" என்று சத்தம். சூப்பர்வைசரும் வந்து காவலாளியைத்தான் மன்னிப்புக் கேட்க வைக்கிறார். வரிசையில் நிற்கும் மற்ற வண்டிக்காரர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். அன்றைக்கே, அதே கேட்டில், "நீங்கள் செய்ததுதான் சரி" என்று அந்த அதிகாரியே வந்து சொல்ல வேண்டும்.