பழைய தபால் முத்திரையில் தகட்டு வழு பார்ப்பது எப்படி? தகட்டு வழு என்றால், முத்திரையை அச்சிட்ட தகட்டிலேயே இருந்த கீறல், உடைவு போன்ற குறை.

முதலில் கண்ணாடி. செட்டியார் தெரு நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கிக்கொண்டு கல் பார்ப்பாரே, அந்தப் பத்து மடங்கு லென்ஸ் போதும். கூடவே நுனி மழுங்கிய சாவணம் ஒன்று. கொழும்புப் புழுக்கத்தில் வியர்த்த விரல் பட்டால் முத்திரை கெட்டுப்போகும்.

அடுத்து, எந்த வகை அச்சு என்று பாருங்கள். முத்திரையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கோடுகளின் மை சற்று மேடாகத் தெரிகிறதா? அது செதுக்கு அச்சு. 1857இல் வெளிவந்த நமது முதல் 6 பென்ஸ் முத்திரையும், ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் 1935 வெள்ளிவிழா முத்திரைகளும் இந்த வகை. இதில் மை தங்குவது தகட்டின் பள்ளத்தில். ஆகவே தகட்டில் கீறல் விழுந்தால் அது முத்திரையில் நிறக் கோடாக வரும். ஐந்தாம் ஜோர்ஜ் தலை போட்ட சாதாரண சத முத்திரைகள் பலவற்றில் கதை நேர்மாறு: தகட்டின் மேட்டில் மை, ஆகவே தகடு உடைந்த இடம் வெள்ளை.

இனி நிறம். புள்ளியோ கோடோ முத்திரையின் மை நிறத்திலேயே இருக்க வேண்டும். வேறு நிறமானால் தபால் குத்து மையாகவோ அழுக்காகவோ இருக்கலாம். ஒரு வாரம் நான் கொண்டாடிய "அரிய புள்ளி" ஈ எச்சம்!

முக்கியமான படி இனித்தான். ஒரே ஒரு முத்திரையில் உள்ள குறை எதையும் நிரூபிக்காது. தூசியோ மைச் சிதறலோ ஒருமுறை விழுந்து போயிருக்கலாம். தகட்டிலேயே வழு இருந்தால் ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில் திரும்ப வரும். எனவே இரண்டாவது பிரதியைத் தேடுங்கள்.

பழகுவதற்கு வெள்ளிவிழா வரிசையே நல்லது: 6, 9, 20, 50 சதம், நடுவில் இங்கிலாந்து அரச குடும்பத்தின் வின்ட்சர் கோட்டை. கோபுரத்தருகே சாய்ந்த கோடு, கொடிக்கம்பத்தருகே புள்ளி ஆகியவை பேர்போன வழுக்கள். கோட்டைப் படத்தின் தகடு இலங்கைக்கு மட்டும் உரியதல்ல. வேறு பிரித்தானியக் காலனிகளின் முத்திரைகளும் அதிலேயே அச்சாயின. ஆகவே வேறொரு காலனி முத்திரையில் அதே கோடு அதே இடத்தில் இருந்தாலும் நல்ல சாட்சிதான்.

தாளின் ஓரத்தோடு கிடைத்தால் ஓரத்தைக் கிழிக்காதீர்கள். அதில் தகட்டு எண் இருந்தால் எந்தத் தகடு என்று சொல்லலாம்; தாளில் முத்திரை இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கவும் ஓரம் உதவும். குறிப்பைக் கொப்பியில் எழுதுங்கள், முத்திரையின் முதுகில் வேண்டாம்.