செஸ் அணியில் யார் எந்த நாட்டுக்காரர் என்று கண்டறிவது எப்படி?

நாட்டு அணிகள் மோதும் செஸ் ஒலிம்பியாட் போட்டியின் பட்டியலில் வீரரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் கொடி அவர் பிறந்த மண்ணைக் காட்டுவதில்லை. எந்த நாட்டுக் கூட்டமைப்பில் அவர் பதிவு பெற்றிருக்கிறார் என்பதை மட்டுமே காட்டுகிறது. ஆகவே, முதலில் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் தரவரிசைத் தளத்தில் அவர் பெயரைத் தேடி, கூட்டமைப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, அவருடைய பழைய போட்டிகளை ஆண்டுவாரியாகப் பார்த்து, கொடி எப்போது மாறியது என்று கவனியுங்கள்.

2022இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடில் ஆடிய, 'இறக்குமதி' வீரர்களின் அணி என்று சிலர் சொல்லும் அமெரிக்க அணியை எடுத்துக்கொள்வோம். ஐவரில் அரோனியன் ஆர்மீனியாவிலிருந்தும், வெஸ்லி சோ பிலிப்பைன்ஸிலிருந்தும், டொமிங்கேஸ் கியூபாவிலிருந்தும் மாறி வந்தவர்கள். கருவானாவோ மயாமியில் பிறந்து, 2005 முதல் இத்தாலிக்காக ஆடி, 2015இல் அமெரிக்காவுக்கே திரும்பியவர். அவரை 'இறக்குமதி' என்பது நியாயமில்லை.

கூட்டமைப்புப் பதிவையும் குடியுரிமையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் பலர் செய்யும் தவறு. 2014இல் அமெரிக்கக் கூட்டமைப்புக்கு மாறி, 2016இல் பாகு ஒலிம்பியாடில் அந்த அணியோடு தங்கம் வென்ற சோ, 2021இல்தான் அமெரிக்கக் குடிமகனானார். எனவே இரண்டு தேதிகளையும் தனித்தனியே எழுதிவையுங்கள். நாட்டுக் கொடிக்குப் பதிலாக ஃபிடே கொடி தென்பட்டால், இரானை விட்டு விலகிய செஸ் வீரர் ஃபிரூஜா 2021இல் பிரான்சுக்கு மாறும்வரை அந்தக் கொடியின்கீழ் ஆடியதுபோல, அவர் அப்போது எந்த நாட்டுக்காகவும் ஆடவில்லை என்று கொள்ளவேண்டும்.