மதுத் தவிர்ப்புப் பெண்கள் கிளைகளைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சிறு ஊர்களிலும், பின்னர் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஆகிய நாடுகளிலும் பெண்கள் கிறிஸ்தவ மதுத் தவிர்ப்புச் சங்கம் போன்ற அமைப்புகளின் கிளைகளில் சேர்ந்து பெண்கள் குடிக்கு எதிராகப் பாடுபட்டார்கள். அவர்களைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோர் முதலில் இடறும் இடம் மொழிபெயர்ப்பு. அச்சங்கத்தின் ஆங்கிலப் பெயரில் வரும் ‘டெம்பரன்ஸ்’ (temperance) என்பதை ‘மதுவிலக்கு’ என்று எழுதிவிட்டால், அரசு சட்டம் போட்டு மதுவைத் தடை செய்வதே தமிழ் வாசகர் மனத்தில் தோன்றும். ஆனால் அக்கிளைகளில் சேர்ந்த பெண் முதலில் செய்தது, வடித்த சாராயத்தை மட்டுமன்றி பீர், ஒயின், ஆப்பிள் மது ஆகியவற்றையும் தொடுவதில்லை என்று தன் கைப்பட உறுதிமொழியில் ஒப்பமிடுவது. ஆகவே ‘மிதமாகக் குடித்தல்’ என்பதும் பொருந்தாது. ‘மதுத் தவிர்ப்பு’ என்பதே நெருங்கிய சொல்லாக எனக்குப் படுகிறது. அமெரிக்க ‘சலூன்’ என்ற சொல்லையும் அப்படியே விட்டுவிடக் கூடாது. தமிழில் அது முடி திருத்தும் கடையைக் குறிப்பதால், ‘மதுக்கடை’ என்றே எழுத வேண்டும்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. இப்பெண்களைப் பிறர் மகிழ்ச்சியைப் பொறுக்காத பக்திமான்களாகக் காட்டும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அவர்களுடைய சமய நம்பிக்கை ஆழமானது என்பதில் ஐயமில்லை. அமைப்பின் பெயரே பெண்கள் கிறிஸ்தவ மதுத் தவிர்ப்புச் சங்கம். ஆயினும் அவர்களைத் தெருவுக்கு இழுத்து வந்த காரணத்தைச் சட்டத்திலும் தேட வேண்டும். திருமணமான பெண்ணின் உடைமையும் ஊதியமும் கணவனுக்கே உரியவை என்ற பழைய வழக்கு பல மாநிலங்களில் தளரத் தொடங்கியிருந்த காலம் அது. நடைமுறையில் கணவன் சம்பளத்தை மதுக்கடையில் தீர்த்துவிட்டு வந்தால் மனைவிக்குப் போக்கிடமில்லை. அவளுக்கு வாக்குரிமையும் இல்லை. ஒகையோ மாநிலத்தின் அடேர் சட்டம், குடிகாரனின் மனைவி மதுக்கடைக்காரன்மீது இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர இடம் தந்தது. ‘மதர் ஸ்டீவர்ட்’ என்று அழைக்கப்பட்ட எலைசா ஸ்டீவர்ட், அத்தகைய ஒரு வழக்கில் 1872இல் ஸ்பிரிங்ஃபீல்டு நீதிமன்றத்தில் ஒரு மனைவிக்காகத் தாமே எழுந்து வாதாடினார். 1873 டிசம்பரில் அதே மாநிலத்தின் ஹில்ஸ்பரோ ஊரில், டயோ லூயிஸ் என்பவரின் சொற்பொழிவைத் தொடர்ந்து, எலைசா தாம்சன் தலைமையில் பெண்கள் மதுக்கடைகளுக்கும் மது விற்ற மருந்துக்கடைகளுக்கும் அணியாகச் சென்று பாடினார்கள், மன்றாடினார்கள், விற்பனையை நிறுத்துவதாக எழுதித் தரும்படி கேட்டார்கள். உள்ளே விடாத கடைகளின் வாசலில் குளிரிலேயே மண்டியிட்டார்கள். சில மாதங்களுக்குள் இந்த எழுச்சி 900க்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பரவியது. மூடிய கடைகளில் பல மீண்டும் திறக்கப்பட்டன என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். நிலையான அமைப்பு வேண்டும் என்ற எண்ணத்தோடு 1874 நவம்பரில் கிளீவ்லாந்தில் கூடி அவர்கள் இச்சங்கத்தைத் தொடங்கியதற்கு அந்த அனுபவம் ஒரு முக்கியக் காரணம்.

மதுக்கடைகளை உடைத்துப் பெயர்பெற்ற கேரி நேஷன் கோடரியோடு நிற்கும் படத்தைக் கட்டுரையின் முகப்பில் வைப்பது மூன்றாவது தவறு. அவர் கான்சாஸ் மாநிலத்தின் மெடிசின் லாட்ஜ் ஊரில் கிளை தொடங்கியவர்தாம். ஆனால் 1900இல் தொடங்கிய கடை உடைப்பு அவருடைய சொந்த வழியேயன்றிக் கிளைகளின் நடைமுறை அன்று. கான்சாஸில் 1881 முதலே மது விற்பனை சட்டவிரோதமாக இருந்தது என்பதையும் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். அதிகாரிகள் கண்டும் காணாமலும் விட்ட கடைகளையே அவர் உடைத்தார் என்று தெரிந்தால்தான் அவருடைய சினம் வாசகருக்கு விளங்கும்.

தலைமையின் பேச்சைக் கிளைகளின் கருத்தாக எடுத்துக்கொள்வதும் கூடாது. முதல் தலைவர் ஆனி விட்டன்மயர், சங்கம் மதுவை மட்டுமே கவனிக்க வேண்டும் என்று கருதி, பெண் வாக்குரிமையைக் கையில் எடுக்கத் தயங்கினார். 1879இல் தலைவரான பிரான்சிஸ் வில்லர்ட், ‘எல்லாவற்றையும் செய்யுங்கள்’ என்ற கொள்கையால் சிறைச் சீர்திருத்தம், தொழிலாளர் நலன், பள்ளிக் கல்வி, வாக்குரிமை எனப் பணியை விரித்தார். 1896 வாக்கில் சங்கத்தில் இருந்த 39 பணித்துறைகளில் 25 மதுவோடு நேரடித் தொடர்பில்லாதவை. ஆனால் இவற்றில் எதை ஏற்பது, எதை விடுவது என்பதை ஒவ்வொரு கிளையும் தானே முடிவு செய்தது. ஒரு கிளை வாக்குரிமைக்கு மனு எழுதிக்கொண்டிருந்தபோது வேறொரு கிளை அந்தப் பேச்சையே எடுக்காமல் இருக்கக்கூடும். அதனால் தலைவரின் ஆண்டு உரையை மட்டும் படித்துவிட்டு எழுதாதீர்கள். ஊர்க்கிளைகளின் கூட்டக் குறிப்பேடு கிடைக்குமானால் அதை முதலில் படியுங்கள்.

போற்ற வேண்டும் என்ற ஆசையில் நிறவெறியைக் கடந்து போவதை நான் பெருங்குறையாகக் கருதுகிறேன். கறுப்பினக் கவிஞரான பிரான்சிஸ் ஹார்ப்பர் 1880களில் சங்கத்தின் தேசியப் பொறுப்பு ஒன்றை வகித்து உழைத்தார். தெற்கு மாநிலங்களிலோ கறுப்பினப் பெண்கள் தனிக்கிளைகளில் இயங்க வேண்டியிருந்தது. தெற்கின் ஆதரவைப் பெறும் முயற்சியில் வில்லர்ட் கறுப்பின மக்களைப் பற்றிச் சொன்ன இழிவான கருத்துகளைக் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் 1894இல் பிரிட்டனில் வெளிப்படையாகக் கண்டித்தார். இந்த மோதலை விட்டுவிட்டு எழுதப்படும் வரலாறு அரைகுறையானது.

வெற்றி தோல்வியை மதுத்தடைச் சட்டத்தை வைத்து மட்டும் அளப்பதும் தவறுதான். 1920இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்து 1933இல் நீக்கப்பட்ட தேசியத் தடைக்கு, 1893இல் ஒகையோவில் தோன்றிய, ஆண்கள் தலைமையிலான மதுக்கடை எதிர்ப்பு லீக்கின் அரசியல் அழுத்தம் பெரும் காரணம். அத்தடையின் பழி முழுவதையும் பெண்கள் கிளைகள்மேல் சுமத்துவது முறையன்று. நியூசிலாந்தில் நடந்தது இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. சங்கத்தின் உலகத் தூதராகப் புறப்பட்ட மேரி லீவிட் 1885இல் அங்கு வந்து ஊர் ஊராகக் கிளைகள் அமைத்தார். சங்கத்தின் வாக்குரிமைப் பிரிவின் பொறுப்பை ஏற்ற கேட் ஷெப்பர்டும் கிளைப் பெண்களும் வீடு வீடாகச் சென்று ஒப்பம் திரட்டினார்கள். 1893இல் ஏறத்தாழ 32,000 பெண்களின் ஒப்பம் கொண்ட தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருட்டப்பட்டு நாடாளுமன்றத்தில் விரிக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பர் 19 அன்று பெண் வாக்குரிமை சட்டமானது. தேசிய அளவிலான மதுத்தடை அந்த நாட்டில் ஒருபோதும் வரவில்லை. 1919இல் நடந்த வாக்கெடுப்பில் கைக்கு எட்டி, வெளிநாட்டிலிருந்த போர்வீரர்களின் வாக்குகளால் தவறியது.

கடைசியாக, பெயர்கள். பழைய பதிவுகளில் பெரும்பாலான பெண்கள் கணவன் பெயரால் ‘இன்னாரின் திருமதி’ என்றே குறிக்கப்பட்டிருப்பதால், ஒரே பெண்ணை இருவராகவோ இருவரை ஒருவராகவோ எண்ணிவிடுவது எளிது. ஹில்ஸ்பரோ எழுச்சியின் தலைவியே ‘நீதிபதி தாம்சனின் திருமதி’ என்றும், ஒகையோவின் முன்னாள் ஆளுநர் ஆலன் டிரிம்பிளின் மகள் என்றும் பதிவுகளில் வருகிறார். எழுதும்போது அவரை எலைசா தாம்சன் என்றே குறிப்பிடுங்கள். உறுதிமொழித் தாளில் ஒப்பமிட்ட மற்றப் பெண்களுக்கும் சொந்தப் பெயர் கிடைக்கும்வரை தேடுங்கள்.